குருத்தில் மிச்சமிருக்கும் வெள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். முட்டிவலி விடாததால்தான் வர முடியவில்லை, தங்கச்சியிடம் சொல்லிவிடு. அதைவிட அவசரம் உன் மரவள்ளிக் காடு. "பூச்சி முக்காவாசி கொறஞ்சிருச்சு, மிச்சத்தையும் மருந்தடிச்சு ஒழிச்சிரப் போறேன்" என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே.

2009இல் வெள்ளை மாவாய் அப்பும் மாவுப்பூச்சியால் என் பப்பாளி போன கதை உனக்குத் தெரியும். அந்த மாவுப்பூச்சிக்கு மெக்சிகோ பக்கம் பூர்வீகம். 2008இல் கோயமுத்தூரில் முதலில் தென்பட்டது. மறுவருஷமே பப்பாளி, மல்பெரி, செம்பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் என்று எதையும் விடாமல் சுண்ணாம்பு அடித்ததுபோல் அப்பிக்கிடந்தது. ஆறு தடவை மருந்தடித்தேன். பூச்சியின் மேலிருக்கும் மெழுகில் மருந்து ஒட்டவே இல்லை. செத்துக் கிடந்தவை பொறிவண்டும் சிலந்தியும்தான். கடைசியில் மூன்று ஏக்கரையும் வெட்டிச் சாய்த்தேன். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பூச்சிக்குள் முட்டை வைத்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து ஊரூராக விட்டார்கள். அடுத்த வருஷமே பூச்சி அடங்கிப்போனது. அதுவரை பொறுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

உன் காட்டில் இருப்பது வேறொரு இன மாவுப்பூச்சி, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 2020இல் கேரளத்தில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் என்று பரவியது. இதில் ஆணுக்கு வேலையே இல்லை. பெண் தனியாகவே முட்டையிடும், பொரிப்பதும் பெண்தான். ஒரு பூச்சி நானூறு முட்டை போல இடும். முந்நூறு வீணாய்ப் போய் நூறு தேறியது என்றே வைத்துக்கொள். ஒரு மாதத்தில் ஒன்று நூறாகும், அடுத்த மாதம் பத்தாயிரம், மூன்றாம் மாதம் பத்து லட்சம். நல்ல மழை அடித்துக் கழுவினால் கொஞ்சம் தணியும். மழை ஏமாற்றினால் குருத்து சுருண்டு, கணு குறுகி, செடி வளராமல் நின்றுவிடும்.

எந்த உயிரையும் தடுக்க ஆளில்லாமல் விட்டால் இப்படித்தான் பெருகும். அதனால் பூச்சி ஏன் பெருகுகிறது என்று கேட்பதைவிட, அதன் சொந்த ஊரில் ஏன் பெருகவில்லை என்றுதான் கேட்க வேண்டும். 1970களில் இதே பூச்சி ஆப்பிரிக்காவில் இறங்கியது. மரவள்ளியே சோறாக இருக்கும் நாடுகள் அவை. ஹான்ஸ் ஹெரென் என்ற சுவிஸ் விஞ்ஞானியும் கூட இருந்தவர்களும் அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பூச்சியின் பூர்வீகமான பராகுவேயில் கிடைத்த குளவியை 1981இல் நைஜீரியாவில் விட்டார்கள். அது நாடு நாடாகப் பரவிப் பூச்சியை அடக்கியது. அதே குளவிதான் 2021இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து பெங்களூருக்கு வந்து, 2022இல் நம் சேலம் பக்கத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விடப்பட்டது. உன் காட்டில் பூச்சி குறைந்ததும் அதன் வேலையாகத்தான் இருக்கும்.

எள்ளைவிடச் சிறிய குளவி, மனுஷனைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் ஒரு முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, கூட்டைத் துளைத்துக் குளவியாய் வெளியே வரும். பூச்சி கூடினால் முட்டை வைக்க இடம் கிடைத்துக் குளவியும் கூடும். பூச்சி குறைந்தால் குளவியும் குறையும். பூச்சி அடியோடு அழியாது, தலைதூக்கவும் செய்யாது. மருந்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. நூறு பூச்சி இருந்தாலும் லட்சம் இருந்தாலும் அடித்த சில நாளோடு அதன் வேலை தீர்ந்தது. தப்பிய பூச்சி மறுபடி நூறு, பத்தாயிரம் என்று கிளம்பும்போது தடுக்கக் குளவி இருக்காது. இப்போது உன் குருத்துகளில் ஒட்டியிருக்கும் அந்தக் கொஞ்சம் வெள்ளை குளவிக்கு விதைநெல் மாதிரி.

எறும்புச் சாரை மட்டும் கவனி. பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், குளவியை அண்டவிடாது.

நாளைக் காலையில் நாலைந்து குருத்துகளை ஒடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை நெருக்கமான வேட்டித் துணியால் கட்டி நிழலில் வை. உப்பிப் பழுப்பேறிய பூச்சிகள் இருந்தால் அதற்குள் குளவி இருக்கிறது. இரண்டு வாரம் தினமும் பார்த்து, எத்தனை வெளியே வந்தது என்று எனக்குப் போன் பண்ணு. ஸ்பிரேயர் அதுவரை பரண்மேலேயே இருக்கட்டும்.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி