கேட்டுச் செய்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ரோட்டரி சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் எங்கள் தொடக்கப் பள்ளியின் வணக்கம்.

புதுக் கழிப்பறைத் திறப்பு விழா மேடையிலேயே நன்றி சொன்னோம். ஆனால் மைக்கைப் பிடித்தால் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. சொல்ல நினைத்ததை எழுதியே விடுகிறேன். ஊர்ப் பெரியவர்களும் பெற்றோர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

முதல் நன்றி, எங்களிடம் கேட்டதற்கு. கிராமத்துப் பள்ளிக்கு உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் எதைத் தருவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். அந்த மனசைக் குறை சொல்லவில்லை. ஆனாலும், மின்சாரம் நிலையாக இல்லாத வகுப்பறைக்கு வந்த கம்ப்யூட்டர்கள் போர்த்திய துணியோடு அப்படியே பழசாகிப் போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். நீங்களும் முதலில் ஸ்மார்ட் வகுப்பறை பற்றித்தான் பேச்செடுத்தீர்கள். கழிப்பறை கிடைத்தால் போதும் என்று நாங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னோம். உங்கள் செயலாளர் சிரித்தார். ரோட்டரி எடுத்துச் செய்த முதல் பொதுப்பணியே 1907இல் சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறை அமைக்க முன்னின்றதுதான் என்றார். பால் ஹாரிஸ் 1905இல் தொடங்கிய சங்கம், இரண்டே வருடத்தில் கையில் எடுத்த வேலை அது. அந்த ஒரு தகவலில் எங்கள் கூச்சம் போய்விட்டது.

கூச்சம் போனதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டோம். பழைய கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது; ஒரு பெண் பிள்ளை உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் இருந்தார்கள். மதியத்துக்கு மேல் தலைவலி என்று மேசையில் கவிழ்ந்துகொள்வார்கள். படிப்பில் கவனம் இல்லை என்று நாங்கள் திட்டுவோம்.

உங்கள் சங்கத்துப் பொறியாளர் இதையெல்லாம் குறித்துக்கொண்டு போய், கணக்கோடு திரும்பி வந்தார். பள்ளிகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துக் காட்டினார். பெண் பிள்ளைகள் 25 பேருக்கு ஒரு கழிப்பறை. ஆண் பிள்ளைகள் 50 பேருக்கு ஒரு கழிப்பறையும் சிறுநீர் கழிக்கத் தனி இடமும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர். கழிப்பறையில் ஊற்றும் தண்ணீர் அதில் சேராது. தொட்டியின் அளவு அந்தக் கணக்கில் வந்ததுதான். கொத்தனார் வழக்கமான உயரத்தில் குழாய் வைக்கப் போனபோது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, கை எட்டும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். கொத்தனாரும் அலுத்துக்கொள்ளாமல் மாற்றி வைத்தார். அவருக்கும் நன்றி.

அப்புறம் அந்தக் கண் பரிசோதனை. அது எங்கள் பட்டியலிலேயே இல்லை. டாக்டர் உறுப்பினர்தான், "எதற்கும் பார்த்துவிடுவோமே" என்றார். கிட்டப்பார்வை உள்ள குழந்தை, தனக்குப் பலகை தெரியவில்லை என்று புகார் சொல்லாது. எல்லாருக்கும் அப்படி மங்கலாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். எப்போதும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன், பரிசோதனையில் மேல் வரிசையின் பெரிய எழுத்துகளுக்குக் கீழே ஒன்றையும் சொல்ல முடியாமல் நின்றான். கண்ணாடி வந்த பிறகு பலகையைப் பார்த்தே எழுதுகிறான். எழுத்துப்பிழைகள் குறையவில்லை, ஆனால் இப்போது அவை அவனுடைய சொந்தப் பிழைகள், ஆசிரியைக்கு அதில் பெரிய சந்தோஷம். பிள்ளைகள் வளர வளரக் கண்ணின் பவர் மாறும், திரும்பப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைப் பெற்றோர்கள் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

புத்தகப்பை, நோட்டுகள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முதல் மதிப்பெண் வாங்கியவர்களுக்கு மட்டும் மேடையில் கொடுக்கலாம் என்று யோசனை வந்தது. எதைச் செய்தாலும் கேட்டுப் பார்க்க ரோட்டரியில் நான்கு கேள்விகள் உண்டாமே. ஹெர்பர்ட் டெய்லர் 1932இல் தன் கம்பெனிக்காக எழுதியவை, பின்னால் ரோட்டரி ஏற்றுக்கொண்டது. அதில் இரண்டாவது, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் இது நியாயமா என்பது. அந்தக் கேள்வியை உங்களில் ஒருவரே கூட்டத்தில் கேட்டுவிட்டார். சரி என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பறையிலேயே கொடுத்தீர்கள். புகைப்படத்துக்கு அழகாக இருந்திருக்காது. பரவாயில்லை.

ரோட்டரியோடு தொடர்புள்ள பெண்கள் அமைப்பான இன்னர் வீல் அம்மாக்கள் சேர்த்துக் கொடுத்த கதைப் புத்தகங்கள் கையோடு கை மாறிக் கிழிய ஆரம்பித்துவிட்டன, நல்ல செய்திதான். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்த, ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்ட் தம்பி தங்கைகளுக்கும் நன்றி. தரையில் சிந்தியதை நாங்கள் துடைத்துவிட்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலான நன்றி, திரும்பி வந்ததற்கு. கட்டுவதற்குக் கொடை கிடைத்துவிடும். பழுதான வால்வை மாற்றவும், சோப்பு வாங்கவும், சுத்தம் செய்கிற அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்கவும் யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. அதற்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்கி, பெற்றோர் குழுவின் பொறுப்பில் விட்டீர்கள். மோட்டார் நின்றுபோன அன்று போன் செய்தோம். உங்கள் பொருளாளரே மெக்கானிக்கோடு வந்து நின்றார். உங்கள் சங்கத்தில் ஜூலை 1ஆம் தேதி வந்தால் தலைவர் மாறிவிடுவார், புதுத் தலைவருக்குப் புதுத் திட்டம் இருக்கும் என்று எங்களை எச்சரித்தவர்கள் உண்டு. தலைவர் மாறினார். முந்தைய தலைவர் அவரைக் கையோடு அழைத்து வந்து தொட்டி, குழாய், கணக்கு நோட்டு எல்லாம் காட்டிவிட்டுப் போனார்.

அடுத்து பொறுப்பேற்கப் போகிறவருக்கும் இதையே வேண்டுகோளாக வைக்கிறோம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டாம். சொன்னால் நாங்கள் தோரணம் கட்டிவிடுவோம். சாதாரண நாளில், இடைவேளை நேரத்தில் வாருங்கள். கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள், சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் என்னைக் கேளுங்கள்.

நன்றியுடன்,
தலைமை ஆசிரியை
ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் சார்பில்