விமானம் ஏறாத கேஸ் டின்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையேற வருவோர் விமானத்தில் எதைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக் கூடாது என்று கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அப்புத்தளையில் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுபவள் நான். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், கூடாரத்து முளைகளும் பெரிய கத்தியும் சரக்கறைக்குப் போகும் பொதியில் இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது சரி. சின்ன அடுப்புக்கான கேஸ் டின்னை எந்தப் பொதியிலும் வைக்க முடியாது, கொழும்பில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்றதும் சரிதான். ஆனால் அந்த டின் திரும்பிப் போகும்போதும் விமானம் ஏறாதே! அப்போது அதை என்ன செய்வது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

என்ன நடக்கிறது என்பதை நாங்கள்தான் பார்க்கிறோம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெயில் என்ற மலையக நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 கட்டங்கள். பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் ஊடாகத்தான் போகிறது. வழிநெடுகக் கடைகளில் ரொட்டியும் பிளேன்டீயும் கிடைக்கும்போது அடுப்புப் பற்றவைக்க வேண்டிய தேவை அதிகம் வருவதில்லை. அதனால் 230 கிராம் வாயு அடைத்த டின்னில் பாதிக்கு மேல் மிஞ்சிவிடுகிறது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் புறப்படும் நாளில் அது கட்டிலுக்கடியிலோ, வாசலில் இருக்கும் குப்பை வாளியிலோ கிடக்கும். அவர்களைக் குறை சொல்லவில்லை. பலர் தயங்கித் தயங்கி, "இதை எங்கே போடுவது?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பதில் சொல்ல எங்களிடம் ஓர் இடம் இல்லை.

குப்பை வாளிக்குப் போனது அடுத்து எங்கே போகும் என்று மலையகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பல தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் குவித்துக் கொளுத்துவதுதான் வழக்கம். போன வருஷம் எங்கள் பக்கத்து லயத்துக் குப்பை மேட்டில் அப்படி ஒரு டின் வெடித்துத் தகரம் கூரைவரை பறந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தீர்ந்த டின்னைக்கூட நெருப்பில் போடாதே, துளையிடாதே, 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்காதே என்று அதன்மேலேயே அச்சடித்திருக்கிறது. எந்த மொழியில்? பெரும்பாலும் ஆங்கிலத்தில். குப்பை பொறுக்கும் அம்மாவுக்கு அதில் என்ன தெரியும்?

பத்திரமாக இருக்கட்டும் என்று சிலர் அதை வீட்டுக்குள் எடுத்துவைப்பதும் எனக்குப் பயமாகவே இருக்கிறது. உள்ளே இருப்பது பியூட்டேன் கலந்த வாயு. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். ஜன்னல் சாத்திய லயக் காம்பிராவில், விறகடுப்புக்குப் பக்கத்தில், அப்படித் தேங்கினால் என்ன ஆகும்?

இத்தனைக்கும் பாதி டின் வீணான பொருளே அல்ல. திருகு வைத்த டின்னை அடுப்பிலிருந்து கழற்றியதும் வாய் தானாக மூடிக்கொள்ளும், அடுத்தவர் அப்படியே பாவிக்கலாம். எவ்வளவு மிச்சம் என்பதைக் கடைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். 230 கிராம் டின்னில் தகரத்தின் எடை மட்டும் தனியாகச் சுமார் 150 கிராம், தராசு அதற்கு மேல் காட்டுவதெல்லாம் வாயு. எங்கள் வீட்டில் வெளித் தாழ்வாரத்து நிழலில் ஒரு கம்பிப் பெட்டி வைத்து, போகிறவர் விட்டதை வருகிறவருக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். காசு வாங்குவதில்லை. ஓஹியாவிலும் எல்லவிலும் ஹட்டனிலும் விடுதி நடத்துவோர் இப்படி ஆளுக்கொரு பெட்டி வைத்தால், கொழும்பிலிருந்து புது டின் வருவதே பாதியாகக் குறையும்.

முழுக்கத் தீர்ந்தவற்றுக்கு மட்டும் எங்களால் வழி காண முடியவில்லை. அதைப் பிரதேச சபைகள்தான் செய்ய வேண்டும். வீட்டுக் குப்பையோடு கலக்காமல் மாதம் ஒரு தடவையாவது தனியாக வந்து எடுத்து, பழக்கப்பட்ட ஆட்களிடம் கொடுக்கட்டும். டின்னை விற்கும் கொழும்புக் கடைகளும் காலி டின்னைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், பயணிகள் பலர் அந்த வழியாகத்தான் விமான நிலையம் போகிறார்கள்.

உங்கள் பயணப் பகுதியில் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, "கொழும்பில் வாங்கிக்கொள்ளலாம்" என்பதற்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்: இருப்பதிலேயே சின்னதான 100 கிராம் டின்னை வாங்குங்கள், மிஞ்சியதைக் குப்பையில் போடாமல் தங்கிய வீட்டுக்காரர் கையில் சொல்லிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
அப்புத்தளை