சமரச அறையில் தமிழும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறப்புக் கல்வி பெறும் குழந்தைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால், பள்ளி மாவட்டத்தோடு (நம் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஒத்துப்போகவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போவதுதான் வழி என்று அதில் ஒரு வரி. கோர்ட் என்றதும் பயந்து வாயை மூடிக்கொள்ளும் பெற்றோர் நம்மில் அதிகம். அதனால்தான் எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவில் மாநில நிர்வாக விசாரணை அலுவலகம் என்று ஒன்று 1945 முதல் இருக்கிறது. யாரோடு தகராறோ அவர்களுடைய ஆளே நீதிபதியாக உட்காரக் கூடாது என்பதற்காகத் தனியாக வைத்திருக்கிறார்கள். சிறப்புக் கல்வி வழக்குகளில் சமரசம் பேசுவதும் அங்கேதான். பெற்றோருக்குச் செலவில்லை, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விசாரணை கேட்காமல் சமரசம் மட்டும் கேட்டால் இரு தரப்பு வக்கீல்களுக்கும் அங்கே இடமில்லை. சமரசத்தில் பேசியதைப் பிறகு விசாரணையில் சாட்சியமாகக் கொண்டுவரவும் முடியாது. எனக்கு இதுதான் பெரிய தைரியம் கொடுத்தது.

என் மகனுக்கு ஸ்பீச் தெரபியை வாரம் 60 நிமிடத்திலிருந்து 30 ஆகக் குறைத்தார்கள். எட்டு மாதம் மின்னஞ்சலில் மல்லுக்கட்டியும் நகராத விஷயம் அது. சமரச நாளில் நாங்கள் ஓர் அறையில், பள்ளிக்காரர்கள் பக்கத்து அறையில். நடுவர் ஒரு மஞ்சள் நோட்டோடு இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து, நாங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். அவ்வளவு பொறுமையாக அதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை.

மாலை நாலு மணிக்கு ஒப்பந்தம் கைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டால் அது கோர்ட்டில் செல்லுபடியாகும் ஆவணம். நானும் கணவரும் ஆங்கிலத்திலேயே வேலை பார்க்கிறவர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முன்பே கேட்டபோது கௌரவத்துக்காக வேண்டாம் என்றுவிட்டோம். மூன்றாம் பக்கத்தில், அன்றைய தேதி வரையான எல்லாக் கோரிக்கைகளையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு பத்தி. களைப்பில் நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். கணவர்தான் நிறுத்தி, தமிழில் ஒருமுறை எனக்குச் சொல்லிக் காட்டினார். சொல்லும்போதுதான் அந்த எட்டு மாதத்தில் விட்டுப்போன தெரபி வகுப்புகளும் அதற்குள் அடங்கும் என்று இருவருக்கும் உறைத்தது. அதற்கு ஈடாகக் கூடுதல் மணிநேரம் கேட்டோம். நடுவர் மறுபடி பக்கத்து அறைக்கு நடந்தார். ஆறரை மணிக்குக் கையெழுத்தானது.

மொழிபெயர்ப்பாளருக்கும் பெற்றோர் காசு கொடுக்க வேண்டியதில்லை. விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்கலாம். அடுத்த இதழில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கலிஃபோர்னியா