நீ அனுப்பிய பெயர்ப் பட்டியல்

அன்புள்ள செல்விக்கு,

பிறக்கப்போகும் பிள்ளைக்கு நீ அனுப்பிய பட்டியலை நானும் அப்பாவும் படித்தோம். பாதிப் பெயர்கள் அப்பாவின் வாயில் நுழையவே இல்லை. எண்கணித ஜோதிடர் சொன்னார் என்று ஆங்கிலத்தில் ஒரே எழுத்தை இரண்டு முறை போட்டிருக்கிறீர்கள். போகிற அலுவலகத்தில் எல்லாம் பிள்ளை எழுத்துக்கூட்டியே மாய வேண்டுமா?

ஆஸ்பத்திரியில் நான் பார்க்காத பெயரா? லெனினும் போஸும் நேருவும் ஒரே நாளில் ஊசிக்குப் பயந்து அழுதிருக்கிறார்கள். மு.க. ஸ்டாலினுக்கே அந்தப் பெயர் 1953 மார்ச்சில், சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்த சமயத்தில் வைத்ததுதானே.

குப்பம்மாள், பிச்சை என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. முன்னே பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள். அல்லது பிறத்தியாரிடம் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். மதிப்பில்லாத பிள்ளை என்று எமன் தாண்டிப் போய்விடட்டும் என்ற தந்திரம். கேஸ் ஷீட்டில் பிச்சையம்மாள் என்று பார்த்தால், இவளுக்கு முன்னே எத்தனை போயினவோ என்றுதான் தோன்றும்.

போதும்பொண்ணு, வேண்டாம் என்பவை வேறு ரகம்; இனிப் பெண் பிறக்க வேண்டாம் என்று வைப்பவை. பிரசவத்துக்கு வந்த ஒரு போதும்பொண்ணுவின் பெயரை ஓ.பி.யில் கூப்பிட்டதும் வரிசையே சிரித்தது. "பொண்ணு என்று மட்டும் கூப்பிடுங்கள் சிஸ்டர்" என்றாள் மெல்ல. அவளுக்கும் பெண்தான் பிறந்தது. மாமியார் வாயைத் திறப்பதற்குள் "இவள் மகாராணி" என்று அறிவித்துவிட்டாள். ஆனால் பிறந்த குழந்தையின் கைப்பட்டையில் தாயின் பெயரைத்தான் எழுத வேண்டும். வீட்டுக்குப் போகும்வரை மகாராணியின் கையில் 'போதும்பொண்ணு குழந்தை' என்றே இருந்தது. எழுதிய எனக்கே கசந்தது. மகாராஷ்டிரத்தின் சாத்தாராவிலும் வேண்டாதவள் என்ற பொருளில் 'நகுசா' என்று பெயர் வைத்திருந்தார்கள். 2011இல் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்து அந்தச் சிறுமிகளுக்குப் புதுப்பெயர் சூட்டியது.

உனக்கு அவசரம் ஒன்றுமில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். சான்றிதழில் ஏறிய பிறகு மனம் மாறினால்தான் அலைச்சல்.

என் ஓட்டு கயல்விழிக்கு. அப்பாவுக்கும் அது தடுமாறாமல் வருகிறது. ஆண் பெயர்களில் ஒன்றுகூடத் தேறவில்லை, வேறு எழுதி அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா