குளிக்கும் நேரத்தையாவது கேளுங்கள்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைக்கும், முதியோர் இல்லங்களை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

சேர்க்கைப் படிவத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆதார் எண், சர்க்கரை, பிரஷர், மாத்திரைகள், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதில் தொடங்கி, இறுதிக் காரியம் யார் செய்வது என்பது வரை அதில் இடமுண்டு. எத்தனை மணிக்கு எழுந்து பழக்கம், காபியா டீயா, குளிப்பது காலையிலா மாலையிலா என்று கேட்க ஒரு வரி கிடையாது. அந்த வரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

அண்மையில் ஓர் இல்லத்தின் இரவுப் பணிக் குறிப்பேட்டில், மறதி நோயுள்ள ஒரு பாட்டியின் பெயருக்கு நேரே ஒன்பது நாள் தொடர்ந்து ‘குளிக்க ஒத்துழைக்கவில்லை, அடிக்க வருகிறார்’ என்று எழுதியிருந்தது. பத்தாம் நாள் தூக்க மாத்திரை. ஏன் மறுக்கிறார் என்று ஒரு நாள்கூட எழுதப்படவில்லை.

காரணம் நமக்குத் தெரியாததா? காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும். அதற்குள் எல்லோரையும் குளிப்பாட்டி முடிக்க வேண்டுமென்றால் நாலரைக்கே விளக்கைப் போட்டு எழுப்பியாக வேண்டும். ஆயுள் முழுக்க வாளியில் வெந்நீர் விளாவி, கையால் சூடு பார்த்து, தானே சொம்பில் மொண்டு ஊற்றிக் குளித்தவர் அவர். அரைத் தூக்கத்தில் துணியைக் களைந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் ஷவரைத் திறந்தால் கத்தத்தான் செய்வார். அது பயம். அதை முரண்டு என்று எழுதிவிட்டு மாத்திரை கொடுத்தால், பகலெல்லாம் தள்ளாட்டம், சாப்பாடு இறங்காது, ஒருநாள் கழிவறை வாசலில் விழுந்து இடுப்பு முறியும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. அவர் குளித்துப் பழகிய நேரத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரை முதலில் அவர் கையில் ஊற்றிச் சூடு சரியா என்று கேளுங்கள். தோளில் துண்டைப் போர்த்தி, பாதத்திலிருந்து மேலே வாருங்கள். தலைக்கு ஊற்றுவதை வேறொரு நாளுக்கு வையுங்கள். சொம்பை அவர் கையிலேயே கொடுங்கள். இரவில் ஒரு மாடிக்கு இரண்டு பேர்தான் என்பது எங்களுக்கும் தெரியும். ஆயாக்கள் மேல் குறையில்லை. ஆனால் கேட்டுப் பார்த்தால் விடியற்காலைக் குளியலை விரும்புகிறவர்கள் சிலர், பத்து மணிக்கு மேல் சிலர், மாலையில் சிலர் என்று பிரிவார்கள். வேலை ஒரே நேரத்தில் குவியாது.

கேட்பதிலும் பக்குவம் வேண்டும். ‘என்ன வேணும் பாட்டி?’ என்றால், ‘எனக்கென்னம்மா, எது குடுத்தாலும் சரி’ என்றுதான் பதில் வரும். பாரமாகிவிடக் கூடாதே என்ற அச்சம். ‘வீட்டுல எத்தன மணிக்குக் குளிப்பீங்க?’ என்று கேளுங்கள், தானாகச் சொல்வார்கள். சேர்ந்த மூன்று நாளுக்குள் ஒருமுறை, இடம் பழகியபின் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். பேச முடியாதவருக்காகப் பிள்ளைகளிடம் கேட்கலாம். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது அம்மாவின் பழைய வழக்கம். இன்றைய விருப்பத்தை முகத்திலும் கையிலும்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதிய தாள் அலுவலக பீரோவில் தூங்கக் கூடாது. அவரவர் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் மத்திய அரசின் காப்பீட்டுப் பணம் பெறும் பராமரிப்பு இல்லங்களில் 2010 அக்டோபர் முதல் இப்படிப் பதினாறு கேள்விகளை அங்கே வசிப்பவரிடமே கேட்டுப் பதிகிறார்கள். எந்த உடை, எப்போது உறக்கம், எந்த வகைக் குளியல், பொருளைப் பூட்டி வைக்க இடம், தனியே போன் பேசுவது என்று போகும். பதில்களில் ஒன்று, ‘முக்கியம்தான், ஆனால் என்னால் முடியாது அல்லது எனக்கு வாய்ப்பில்லை’ என்பது. நம் இல்லங்களில் கேட்டால் அந்தக் கட்டத்தில்தான் அதிக டிக் விழும் என்று அஞ்சுகிறோம். நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, அதில் ஆதரவற்ற 150 பேருக்காவது இடம் என்கிறது. மருத்துவ வசதியையும் பொழுதுபோக்கையும் சொல்கிறது. குளிக்கும் நேரம் யாருடையது என்று சொல்லவில்லை.

எழுபது வருடம் சேலை கட்டியவருக்கு டயபர் மாற்ற வசதி என்று நைட்டி. பேன் வரும் என்று கேட்காமலே கிராப். பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் வரிசையில் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்க உங்களுக்குச் சம்மதமா என்று அவர்களிடம் யார் கேட்டார்கள்? சொந்த உடம்பின் மேல் இருந்த கடைசி அதிகாரத்தையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறோம். இதைப் பராமரிப்பு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள்க. துறை ஒரே ஒரு பக்கத்தில் மாதிரித் தாள் அச்சிட்டுத் தரட்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி சமையலறையையும் கணக்கையும் பார்ப்பதோடு, நான்கு அலமாரிக் கதவுகளையும் திறந்து பார்க்கட்டும். அந்தத் தாளில் முதல் கேள்வியாகக் குளிக்கும் நேரத்தை வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்