செவ்வாய்க்கிழமை பூட்டியிருக்கும் அரண்மனைக்கு எங்களிடம் பணம் வாங்கியது பற்றி

அனுப்புநர்: இஸ்தான்புல் ஒருநாள் சுற்றுலாவுக்கு மூன்று பேராக வந்த பயணி, சென்னை (பெயரும் பதிவு எண்ணும் இணைப்பில்)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கப்பல் பயணிகளுக்கான இஸ்தான்புல் கரைச்சுற்றுலாவில் டோப்காப்பி அரண்மனை காட்டப்படாதது, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

கடந்த அக்டோபரில் கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்கு நானும் என் கணவரும் என் உம்மாவும் உங்களிடம் பதிவு செய்திருந்தோம். கப்பலைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அறை சுத்தமாக இருந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது, குஷாதாசியில் இறங்கி எபேசஸ் பார்த்த நாளும் திருப்தியாகவே போனது. நான் எழுதுவது இஸ்தான்புல்லில் நாங்கள் கழித்த ஒரே ஒரு நாளைப் பற்றி. உங்கள் விளம்பரம் தமிழில் இருந்தது, உங்கள் ஊழியர் தமிழில் பேசித்தான் இந்தச் சுற்றுலாவை எங்களுக்கு விற்றார். அதனால் நானும் தமிழிலேயே எழுதுகிறேன்.

உம்மாவுக்கு 72 வயது. காயல்பட்டினத்தில் இருக்கிறார். வாப்பா மவுத்தாகி நான்கு வருடம் ஆகிறது. இருவரும் உம்ரா போய் வந்திருக்கிறார்கள், ஆனால் இஸ்தான்புல்லுக்குப் போக வேண்டும் என்று வாப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். காரணம் டோப்காப்பி அரண்மனை. உஸ்மானிய சுல்தான் முதலாம் சலீம் 1517-ல் எகிப்தை வென்ற பிறகு இஸ்தான்புல்லுக்குக் கொண்டுவந்து சேர்க்கப்பட்ட புனிதப் பொருட்கள் அந்த அரண்மனையில் ஒரு தனிக்கூடத்தில் இருக்கின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மேலாடை, வாள், கஃபாவின் பழைய சாவிகள் என்று அந்தக் கூடத்தைப் பற்றி வாப்பா எங்களுக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறார். அங்கே குர்ஆன் இடைவிடாமல் ஓதப்படுகிறது என்பதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். அந்த இடத்தில் நின்று வாப்பாவுக்காக குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓத வேண்டும் என்பது உம்மாவின் ஆசை. இந்தக் கப்பல் பயணத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

இதை உங்கள் ஊழியரிடம் பதிவு செய்யும்போதே சொன்னேன். "அந்தக் கூடத்தைப் பார்க்க நேரம் இருக்குமா?" என்று இரண்டு முறை கேட்டேன். "ஒன்றரை மணி நேரம் கொடுப்பார்கள் மேடம், தாராளமாகப் பார்க்கலாம்" என்றார். உங்கள் பிரசுரத்தின் முதல் பக்கத்திலேயே டோப்காப்பி வாசலின் படம்தான் இருக்கிறது. காலை 9 முதல் மாலை 5 வரை, டோப்காப்பி அரண்மனை, ஆயா சோஃபியா, நீலப் பள்ளிவாசல், கிராண்ட் பஜார், நுழைவுக்கட்டணம் உட்பட, முதியோருக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறீர்கள். ஆளுக்கு 139 டாலர் வீதம் மூன்று பேருக்கு 417 டாலர் கட்டினோம்.

இஸ்தான்புல்லின் கலத்தாபோர்ட் துறைமுகத்தில் கப்பல் நின்றது செவ்வாய்க்கிழமை. டோப்காப்பி அரண்மனைக்கு செவ்வாய்க்கிழமை வார விடுமுறை.

இதை நான் தெரிந்துகொண்டது அரண்மனையின் பூட்டிய வாசலுக்கு முன்னால் நின்றபோது. எங்கள் வழிகாட்டி ஓர் இளம்பெண். அவர் எதையும் மறைக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை எப்போதுமே மூடியிருக்கும், உங்கள் நிறுவனத்துக்கு இது தெரியும், எனக்குக் கொடுத்த தாளில் வெளியிலிருந்து காட்டு என்றுதான் இருக்கிறது" என்றார். அந்தத் தாளை எனக்குக் காட்டவும் செய்தார். ஆக, எங்களுக்கு விற்ற திட்டம் ஒன்று, வழிகாட்டிக்குக் கொடுத்த திட்டம் வேறொன்று. வாசலுக்கு எதிரே இருக்கும் மூன்றாம் அகமதுவின் நீரூற்றைப் பற்றி அவர் அழகாகவே சொன்னார். ஐந்து நிமிடம் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். உம்மா படம் எடுக்க வரவில்லை. அந்த மதிலின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். என்ன ஓதினார் என்று நான் கேட்கவில்லை.

கப்பலுக்குத் திரும்பியதும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். மறுநாள் வந்த பதிலில், டோப்காப்பி "பனோரமிக் விசிட்" முறையில் காட்டப்பட்டது என்றும், பயணத்திட்டம் உள்ளூர் நிலவரப்படி மாறக்கூடும் என்று பிரசுரத்தின் அடியில் அச்சிட்டிருக்கிறீர்கள் என்றும், அடுத்த பயணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி தருவதாகவும் சொன்னீர்கள். தள்ளுபடி எங்களுக்கு வேண்டாம். மற்ற இரண்டுக்கும் என் பதிலைச் சொல்கிறேன்.

உள்ளூர் நிலவரம் என்றால் என்ன? புயல், வேலைநிறுத்தம், திடீரென்று ஒரு தலைவர் வந்து சாலையை அடைப்பது, இதெல்லாம் நிலவரம். யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, நானும் கேள்வி கேட்க மாட்டேன். வாரா வாரம் வரும் விடுமுறை நிலவரம் ஆகாது. அது அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. கப்பல் எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்துக்கு வரும் என்பது பல மாதங்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்த்திருக்கிறீர்கள் என்பதற்கு வழிகாட்டியிடம் இருந்த தாளே சாட்சி. அப்புறம், நுழைவுக்கட்டணம் உட்பட என்று வாங்கினீர்களே, டோப்காப்பிக்கான நுழைவுக்கட்டணம் எங்கே போனது? எங்களுக்காக யாரும் அங்கே சீட்டு வாங்கவில்லை.

"பனோரமிக்" என்ற சொல் பிரசுரத்தில் எங்கேயும் இல்லை. வெளியே நின்று பார்ப்பதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நடந்த மற்றதையும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் இது ஒரு வாசலோடு முடியவில்லை.

9 மணிக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து 9:35-க்குக் கிளம்பியது. ஒரு வழிகாட்டிக்கு 42 பேர். காதில் மாட்டும் கருவிகளில் பாதி வேலை செய்யவில்லை, என் கணவருக்குக் கடைசி வரை ஒன்றும் கேட்கவில்லை. சரி, இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆயா சோஃபியா இப்போது பள்ளிவாசல். அங்கே 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டும்தான். அதற்கு 25 யூரோ கட்டணம். மேலே ஏறும் வழி கல் பாவிய சரிவுப் பாதை, சுற்றிச் சுற்றிப் போகிறது. பல நூற்றாண்டுகளாகக் கால்கள் தேய்த்த கல், வழுக்குகிறது. இரண்டு முழங்காலிலும் வலி உள்ள ஒருவருக்கு இது என்ன பாடு என்று ஏறிப் பார்த்தால்தான் தெரியும். முதியோருக்கு ஏற்றது என்று எழுதியவர் ஏறிப் பார்த்திருக்க மாட்டார். பாதி வழியில் உம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். குழு மேலே போய்விட்டது. நாங்கள் மேலே சேர்ந்தபோது, மிச்சம் இருந்தது பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்திலும், தூண்களில் தொங்கும் பெரிய வட்டப் பலகைகளில் இருக்கும் பெயர்களை உம்மா ஒவ்வொன்றாக வாசித்தார். அல்லாஹ், முஹம்மது, அபூபக்கர், உமர், உஸ்மான், அலீ, ஹஸன், ஹுஸைன். கண்ணாடி இல்லாமலே வாசிக்க முடிந்தது, எழுத்து அவ்வளவு பெரிது. அந்த நாளில் உம்மா சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

கீழ்த்தளம் தொழுகைக்கு வருபவர்களுக்கானது. அதற்கு வாசல் தனி, கட்டணமும் கிடையாது. உம்மா அந்த வழியாகப் போயிருந்தால் சரிவுப் பாதையில் ஏறியிருக்கவே வேண்டாம், கீழே உட்கார்ந்து தொழுதும் இருக்கலாம். இதைப் பதிவு செய்யும்போதே ஒரு வரி சொல்லியிருக்கலாம். பதிவுப் படிவத்தில் சாப்பாட்டுக்கு ஹலால் வேண்டுமா என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த ஊரின் பெரிய பள்ளிவாசலில் தொழ வேண்டுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

நீலப் பள்ளிவாசலுக்கு எங்களைக் கூட்டிப்போனது 12:25-க்கு. லுஹர் என்ற நண்பகல் தொழுகை நெருங்கும் நேரத்தில் பார்வையாளர்களை உள்ளே விட மாட்டார்கள், தொழுகை முடிந்த பிறகுதான் திறப்பார்கள். 42 பேரும் முற்றத்தில் நின்றோம். உம்மாவின் முகம் மட்டும் மலர்ந்தது. "நாம தொழப் போகலாமே" என்றார். போகலாம்தான். ஆனால் வழிகாட்டி தயங்கினார். 12:55-க்கு அடுத்த இடத்தில் இருக்க வேண்டும், நேரம் நிறுவனம் பேசி வைத்தது, தவறினால் தன்மேல் புகார் போகும் என்றார். உம்மா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாம்மா, பாவம் அந்தப் புள்ள, மத்தவங்களும் காத்திருக்காங்க" என்று கிளம்பிவிட்டார்.

அந்த அடுத்த இடம் ஒரு கம்பளக் கடை.

கடை வாசலை அடையும்போது பாங்கு ஒலித்தது. அந்தச் சதுக்கத்தில் ஒரு பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தின் ஒரு வரி சொல்லி நிறுத்த, எதிர்ப் பள்ளிவாசலின் முஅத்தின் அடுத்ததைச் சொல்வார். நீலப் பள்ளியின் ஆறு மினாராக்களும் எங்கள் தலைக்கு மேலே தெரிந்தன. அந்த ஓசையைக் கேட்டபடியே நாங்கள் கடைக்குள் போனோம், கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே 85 நிமிடம். ஒரு பெண் தறியில் முடிச்சுப் போட்டுக் காட்டினார், அது பத்து நிமிடம். மீதி நேரம் முழுக்க ஆப்பிள் தேநீர், ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்ட கம்பளங்கள், விலைப் பேச்சு, ஊருக்கு அனுப்பிவைப்போம் என்ற வாக்குறுதி. எழுந்து வெளியே போக முயன்ற ஒரு தம்பதியைக் குழுவோடுதான் போக வேண்டும் என்று உட்கார வைத்தார்கள். ஆயா சோஃபியாவுக்குள் எங்கள் குழு இருந்தது 35 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் நீங்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரசுரத்தில் கம்பளக் கடை என்ற சொல்லே கிடையாது.

அதற்குப் பிறகு சாப்பாடு, அது நன்றாக இருந்தது. கிராண்ட் பஜாரில் அரை மணி. நீலப் பள்ளிவாசல் தொழுகை முடிந்து திறந்துவிட்டது என்று தெரிந்தும் அங்கே திரும்பப் போகவில்லை. 4:10-க்கெல்லாம் கப்பல் வாசலில் இறக்கிவிட்டார்கள். கப்பல் கிளம்பியது இரவு 8 மணிக்கு. உம்மா லுஹரையும் பிற்பகல் தொழுகையான அஸரையும் சேர்த்துக் கப்பல் அறையில் தொழுதார்.

என்னை உண்மையில் வாட்டுவது இனிமேல் சொல்லப்போவதுதான். அரண்மனை மூடியிருக்கும் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாங்கள் உங்கள் சுற்றுலாவை வாங்கியிருக்க மாட்டோம், அவ்வளவுதான் உங்களுக்கு நஷ்டம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தோப்ஹானேயில் டிராம் ஏறினால் சுல்தான் அகமது ஐந்தாவது நிறுத்தம். உம்மாவை மெதுவாகக் கூட்டிப்போய், இரண்டு பள்ளியிலும் தொழ வைத்திருப்போம். மதியம் ஒரு டாக்ஸி பிடித்துப் பொற்கொம்புக் கழிமுகத்தின் கரையோரமாக அய்யூப் சுல்தான் பள்ளிக்குப் போயிருப்போம். நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது தன் வீட்டில் தங்க வைத்த அபூ அய்யூப் அல்-அன்சாரி (ரலி) அங்கேதான் அடங்கியிருக்கிறார். செவ்வாய்க்கிழமையும் அங்கே ஸியாரத் செய்யலாம், அதாவது அடக்கத்தலத்துக்குப் போய் ஓதி வரலாம். வாப்பாவுக்கான யாசீனை உம்மா அங்கே ஓதியிருப்பார். கப்பலில் வருகிறவருக்கு ஓர் ஊர் ஒரு நாள்தான் கிடைக்கும். தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்ததால் அந்த ஒரு நாளை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

எங்களுக்கு மட்டும் நடந்ததாக நினைக்க வேண்டாம். பேருந்தில் எங்களுக்கு முன் இருக்கையில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருந்தார், தஞ்சாவூர்க்காரர். அரண்மனைச் சமையற்கூடங்களில் இருக்கும் சீனப் பீங்கான் சேகரிப்பைப் பார்க்கவே வந்ததாகச் சொன்னார். அதைப் பற்றிக் குறிப்பெடுத்த நோட்டுப்புத்தகத்தைக் காட்டினார். அவரும் கம்பளக் கடையில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் கேட்பது இவ்வளவுதான். மூன்று பேருக்கும் கட்டிய 417 டாலரையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். பாதி தருகிறோம் என்ற பேச்சுக்கு நான் வரவில்லை, ஏனென்றால் டோப்காப்பி இல்லாவிட்டால் இந்தச் சுற்றுலாவை நாங்கள் வாங்கியே இருக்க மாட்டோம். செவ்வாய்க்கிழமை இஸ்தான்புல்லில் நிற்கும் கப்பல்களுக்கு இந்தத் திட்டத்தை இதே பிரசுரத்தோடு விற்பதை உடனே நிறுத்த வேண்டும். கம்பளக் கடைக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் எத்தனை நிமிடம் என்று பிரசுரத்தில் அச்சிடுங்கள், வேண்டாதவர் இறங்காமல் இருக்க வழி வையுங்கள். இந்த விஷயத்தில் வழிகாட்டியான அந்தப் பெண்ணின் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. எங்களிடம் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து வடிவில் பதில் வேண்டும். வராவிட்டால், தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு என்ற இரண்டின் கீழும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே மனு போட அந்தச் சட்டம் இடம் தருகிறது.

கடைசியாக ஒன்று. மன்னிப்புக் கடிதம் எனக்கு வேண்டாம், உம்மாவுக்கு எழுதுங்கள். காயல்பட்டினம் முகவரி இணைப்பில் இருக்கிறது. தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிட்டு அனுப்புங்கள். அவர் தானே வாசிப்பார்.

இப்படிக்கு,
உங்கள் பயணி

இணைப்பு: பதிவு விவரம், பணம் கட்டிய ரசீது, பிரசுரத்தின் நகல், வாட்ஸ்அப் பதில், பூட்டிய வாசலின் படம்.