தேக்கா தையற்கார அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

மேடையேற்றத்துக்கு முந்திய அந்த வாரம் லைனிங் பிரிந்தும் துணி குறைந்தும் நாங்கள் திண்டாடியது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும் என்பதால் மீண்டும் விவரிக்கவில்லை. ஆறுகளையும் ஓடைகளையும் நினைத்து நாங்கள் வடிவமைத்த ஆற்றாடைகள் எல்லாம் குறித்த மாலையிலேயே மேடையேறிவிட்டன. உடல் அசதி தீர்வதற்குள் நன்றியை எழுதிவிட வேண்டும் என்றே உட்கார்ந்திருக்கிறேன்.

இடம் கொடுத்தவர்கள், இஸ்திரி போட்டவர்கள், சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்தவர்கள், வேன் வாடகையைக் கட்டிவிட்டுப் பெயர் சொல்ல மறுத்தவர்கள், இரவெல்லாம் பாசி கோத்த இளையர்கள், அவர்களை மனமுவந்து அனுப்பிய பெற்றோர் ஆகிய அனைவருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. மடலின் எஞ்சிய பகுதி முழுவதும் சிங்கப்பூர்த் தேக்கா நிலைய மாடியில் கடை வைத்திருக்கும் தையற்கார அண்ணனுக்கு உரியது. பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

அண்ணே, நீங்கள் எங்களுக்காகக் கடையை அடைக்காமல் காத்திருந்ததையும், பிரிந்துபோன லைனிங்கை மறுபடி தைத்து ஓவர்லாக் அடித்துக் கொடுத்ததையும் எல்லாரும் பார்த்தார்கள். அளவெடுத்தபோது நடந்ததை வரிசையில் நின்ற நாங்கள் மட்டுமே பார்த்தோம். எங்களில் பலர் தையற்கடைப் பக்கமே போகாதவர்கள். டேப்பை விரிப்பதற்கு முன்பே 'ஜென்ட்ஸா, லேடீஸா' என்று கேட்டு, பதில் வருவதற்குள் ஏற இறங்கப் பார்ப்பார்களே என்ற அச்சத்தில் ஆயத்த ஆடைகளோடு காலந்தள்ளியவர்கள். ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவு 2023 ஜனவரி 3 அன்று நீங்கிவிட்டது என்றாலும், டேப்புக்கு முன்னால் கைகளைத் தூக்கி நிற்கும்போது வரும் கூச்சத்தை எந்த நாடாளுமன்றமும் நீக்க முடியாது. நீங்களோ பெயரைக் கேட்டு, சொன்ன பெயரையே அளவு நோட்டில் எழுதிக்கொண்டு, எங்கள் திருநம்பித் தம்பியிடம் "பட்டன் எந்தப் பக்கம் வேண்டும்?" என்று மட்டும் கேட்டீர்கள். அவன், ஆண்கள் சட்டையில் இருப்பதுபோல, "வலப்பக்கம்" என்றான். அங்கேயே சாக்பீசால் காஜாவுக்குக் குறி போட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தீர்கள். அவன் மேடையில் அணிந்த, ரோச்சோர் ஆற்றின் பெயர் கொண்ட அங்கி, 1980களின் நடுவில் கலைக்கப்படும்வரை பூகிஸ் தெருவில் இரவுகளை ஆண்ட திருநங்கை அக்காமார்களுக்கான காணிக்கை. அதை உடுத்துபவனுக்கு அந்த மரியாதை தையல் மேசையிலேயே கிடைத்தது பொருத்தம்தான்.

தோபி காட் உடையைத் தைக்கும்போது நீங்கள் சொன்ன திருத்தமும் நினைவிருக்கிறது. இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகிவிட்ட பிராஸ் பாசா ஓடையில் துணி வெளுத்த நம்மவர்களுக்காக அதைச் செய்தோம். பளபளக்கும் துணியை விரித்த எங்களிடம், வெளுத்து வெளுத்துத் தேய்ந்த பருத்திதான் அதற்கு வேண்டும் என்று சொல்லி, கடையிலிருந்த பழைய வேட்டியையே எடுத்துக் கொடுத்தீர்கள். மேடையில் எல்லாரும் அதிகம் பேசியது அந்த உடையைப் பற்றித்தான். சிறு பொறாமையோடு ஒப்புக்கொள்கிறோம்.

வைகை ஆடைக்குப் பச்சைப் பட்டு குறைந்தபோது, ஆற்றில் இறங்கும் கள்ளழகர் எந்த நிறத்தில் வருவார் என்று மதுரையே காத்திருப்பதையும், பச்சை வந்தால் மழையும் விளைச்சலும் செழிக்கும் என்று மக்கள் நம்புவதையும் ஊர்க்காரருக்கே உரிய பெருமையோடு சொன்னபடி, சொந்தக் கையிருப்பிலிருந்து வெட்டிக் கொடுத்தீர்கள். அதே சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித்தான் கூவாகத்தில் திருநங்கையர் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, பிறகு அதை அறுத்து வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள் என்று எங்கள் மூத்த அக்கா சொன்னதும், மிஷினை நிறுத்திவிட்டு அவரை முக்காலியில் உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டீர்கள். பச்சை ஆடையின் உள்மடிப்பில் வெள்ளைக் கரை வைத்தது அதற்குப் பிறகு நீங்களாகவே செய்தது. எங்கள் வரைபடத்தில் அது இல்லை.

கூலி என்று எதையும் வாங்க மறுத்துவிட்டீர்கள். இந்த ஒருமுறை விட்டுக்கொடுக்கிறோம். தீபாவளிக்கு எங்கள் குழுவில் ஒருவர் விடாமல் துணியெடுத்துக்கொண்டு உங்கள் கடைக்கு வருவோம். அளவு நோட்டில் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன, அன்று மட்டும் மற்ற வாடிக்கையாளர்களிடம் வாங்கும் அதே கூலியை எங்களிடமும் வாங்கியே தீர வேண்டும்.

நன்றியுடன்,
ஆற்றாடைக் குழுவினர் சார்பில்